33 கோடியும் ஒரே நூலில்

கேள்வி: எனக்கு வயது 58. திருப்பூரில் முப்பது ஆண்டுகளாகப் பின்னலாடை ஏற்றுமதி செய்துவருகிறேன். மகன் என்னோடு தொழிலில் இருக்கிறான். மகள் திருமணமாகி அமெரிக்காவில், நியூஜெர்சியில் இருக்கிறாள். கம்பெனியின் இடம், கட்டடம், இயந்திரங்கள் எல்லாம் சேர்த்து 13 கோடி ரூபாய் பெறும். வாடகைக்கு விட்டிருக்கும் மூன்று குடோன்கள் 5 கோடி. அவிநாசிப் பக்கம் நிலம் 8 கோடி. வீடு இரண்டரைக் கோடி. கம்பெனிக்குக் கடன் கொடுத்திருக்கும் வங்கியிலேயே 1 கோடியே 80 லட்சம் டெபாசிட் இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டும் பங்குகளும் 1 கோடியே 20 லட்சம். ஃபண்டுகளில் 40 லட்சத்துக்கு மகளும் கூட்டுக் கணக்குதாரர். மனைவியின் நகை ஒரு கோடி. மைத்துனரின் ஃபைனான்ஸில் 50 லட்சம். மாதம் ஒன்றரை வட்டி தவறாமல் வருகிறது. கடன் என்று பார்த்தால் நடைமுறை மூலதனத்துக்கு 9 கோடி லிமிட், இயந்திரக் கடனில் பாக்கி 2 கோடி. எல்லாவற்றுக்கும் நானும் மனைவியும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். வீடும் ஈடாக இருக்கிறது. சரக்கில் அறுபது சதவீதம் ஒரே அமெரிக்க பையருக்குப் போகிறது.

இப்போது வேறொரு மனையை விற்றதில், வரி போக மூன்றரைக் கோடி கையில் இருக்கிறது. வங்கியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் இதில் ஒரு கோடியை ஏ.ஐ.எஃப். என்ற மாற்று முதலீட்டு நிதியிலும், ஒன்றரைக் கோடியை, நமக்கென்று தனியாகப் பங்குகளை வாங்கி விற்று நிர்வகிக்கும் பி.எம்.எஸ்.ஸிலும், ஒரு கோடியை ஒரு வங்கியின் முதிர்வுத் தேதி இல்லாத பாண்டிலும் போடச் சொல்கிறார். டாலர் விலை இறங்கினாலும் நஷ்டம் வராமலிருக்க, கட்டணமே இல்லாத ஒப்பந்தம் ஒன்றும் இருக்கிறதாம். 2020 மார்ச்சில் சந்தை விழுந்தபோது பயந்துபோய் ஃபண்டுகளில் பாதியை விற்றவன் நான். நிதி ஆலோசகர் என்பவர் எங்களைப் போன்றவர்களின் அபாயத்தை உண்மையிலேயே குறைக்கிறாரா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்:

அன்புள்ள ஐயா,

சொத்தையும் கடனையும் இவ்வளவு திறந்த மனதோடு எழுதியதற்கு முதலில் நன்றி. என் எதிரே வந்து உட்காருபவர்களில் பலர் மூன்றாவது சந்திப்பில்தான் கடனைப் பற்றியே வாய் திறப்பார்கள்.

ஆலோசகர் உண்மையிலேயே அபாயத்தைக் குறைக்கிறாரா என்பது உங்கள் கேள்வி; மூன்றரைக் கோடியை எப்படிப் பிரித்துப் போடுவது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன், உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டேன். திருப்பூருக்குத் தொடர்ந்து இரண்டு மோசமான ஆண்டுகள் வந்தால் எதெல்லாம் சேர்ந்து அடிவாங்குமோ அதை இடது பக்கத்தில் எழுதினேன். எது அசையாமல் நிற்குமோ அதை வலது பக்கத்தில்.

கம்பெனி இடது பக்கம். குடோன்களை வலது பக்கம் எழுதத்தான் கை போனது; ஆனால் அவற்றில் வாடகைக்கு இருப்பவர்கள் யார்? உங்கள் ஊரில் குடோன் எடுப்பவர் நூல் வியாபாரியாகவோ, நிட்டிங் போடுபவராகவோ, பிரிண்டிங் செய்பவராகவோதான் பெரும்பாலும் இருப்பார். உங்களுக்கு ஆர்டர் நின்றால் அவர்களுக்கும் வேலை நிற்கும், வாடகையும் நிற்கும். எனவே இடது பக்கம். அவிநாசிப் பக்கத்து நிலத்தை யார் வாங்குவார்? ஏற்றுமதியில் ஒரு நல்ல ஆண்டைப் பார்த்த உங்களைப் போன்ற இன்னொருவர். 2011 ஜனவரி 28 அன்று, நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது நினைவிருக்கும். நிலத்தை விற்றுச் சமாளித்துவிடலாம் என்று நம்பியிருந்த இருவரை நான் அந்த மாதங்களில் பார்த்தேன். விலை குறைந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. கேட்டு வர ஆளே இல்லை என்றார்கள். நிலமும் இடது பக்கம். மைத்துனரின் ஃபைனான்ஸில் கடன் வாங்கியிருப்பவர்களும் அதே ஊர்க்காரர்கள்தாம், இடது. வீடு ஈட்டில் இருக்கிறது; இடது. வங்கி டெபாசிட்டாவது தப்புமா என்று பார்த்தேன். அதுவும் கடன் கொடுத்த வங்கியிலேயே இருக்கிறது. ஜாமீனைக் கோரிய பிறகு அந்த டெபாசிட்டைக் கடனில் கழித்துக்கொள்ள வங்கிக்கு வழி உண்டு. பெரும்பாலான ஜாமீன் பத்திரங்களில் அந்த வாசகமே இருக்கும்.

மூன்றரைக் கோடியைச் சேர்க்காமல் நீங்கள் எழுதிய சொத்தின் கூட்டுத்தொகை 33 கோடி. அதில் வலது பக்கத்துக்கு வந்து சேர்ந்தது உங்கள் துணைவியாரின் நகையும், ஃபண்டும் பங்குகளும் மட்டுமே. 2 கோடியே 20 லட்சம். நூற்றுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை.

ஆலோசகர் என்ன செய்கிறார் என்று கேட்டீர்கள். வசதியுள்ளவர்களுக்கு அவர் செய்யக்கூடிய முதல் வேலை இந்தத் தாள்தான். பத்து இனங்களில் பணம் பரவியிருப்பதைப் போலத் தோன்றும். இழுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே நூலில் கோத்திருக்கும். அந்த நூலை அடையாளம் காட்டாமல் எந்த ஃபண்ட் நல்ல ஃபண்ட் என்று பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாதச் சம்பளக்காரர் ஒருவருக்குச் சந்தை விழுவது பெரிய அபாயமாக இருக்கலாம். உங்கள் விஷயத்தில் சந்தை பாதியாகச் சரிந்தால் போவது 60 லட்சத்துக்கு மேல் இல்லை. உங்கள் அபாயம் வேறிடத்தில், ஒரு கோப்புக்குள் இருக்கிறது.

அந்தக் கோப்பு உங்கள் வங்கிக் கிளையில் இருக்கும் ஜாமீன் பத்திரம். கம்பெனி பிரைவேட் லிமிடெட் ஆனதால் கம்பெனிக் கடன் கம்பெனியோடு போய்விடும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்ட கணமே அந்த வேலி விழுந்துவிடுகிறது. திவால் சட்டத்தில் தனிநபர் ஜாமீன்தாரர்களுக்கான பிரிவுகள் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. 2021 மே 21 அன்று உச்ச நீதிமன்றமும் அவை செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. திவால் வழக்கில் கம்பெனியின் கடனைத் தீர்க்க ஒரு திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டாலும், அதனாலேயே ஜாமீன்தாரர் தானாக விடுபட்டுவிடுவதில்லை என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது.

உங்கள் துணைவியாரும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் அந்த இடத்தில் வெகுநேரம் நின்றேன். 'எதற்கும் இருக்கட்டும் என்று மனைவி பெயரில் போட்டு வைத்திருக்கிறேன்' என்று சொல்லாத தொழிலதிபரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் லிமிட் புதுப்பிக்கும்போது வங்கி ஊழியர் நீட்டிய இடத்திலெல்லாம் அந்த அம்மாவும் கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் பெயரில் இருப்பதும் அதே வலைக்குள்தான் இருக்கிறது. அப்படியானால் நான் வலது பக்கத்தில் எழுதிய நகைகூட முழுப் பாதுகாப்பில் இல்லை.

அதனால் மூன்றரைக் கோடியில் முதல் இரண்டு கோடியை முதலீடே செய்ய வேண்டாம் என்பேன். இயந்திரக் கடனை அடைத்துவிடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனையோடு. வீட்டின் ஈட்டையும் துணைவியாரின் ஜாமீனையும் விடுவிக்கச் சம்மதம் என்று வங்கி எழுத்தில் கொடுத்த பிறகே பணம் கட்டுங்கள். தொழில் நன்றாக நடக்கும்போது, கணக்கு ஒழுங்காக இருக்கும்போது, இதைக் கேட்கும் பலம் உங்களிடம் இருக்கிறது. உங்கள் கம்பெனியைக் கைக்குள் போட்டுக்கொள்ள வேறு வங்கிகளும் காத்திருக்கும் என்பது உங்கள் கிளை மேலாளருக்கும் தெரியும். சம்மதிக்கவில்லை என்றால் அவசரப்பட்டு அடைக்காதீர்கள். அடுத்த லிமிட் புதுப்பிப்பு வரை பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிக் கணக்கிலும் இது நஷ்டமில்லை. இயந்திரக் கடனுக்கு ஒன்பதரை, பத்து சதவீதம் வட்டி கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிக்கு அது செலவுக் கணக்கில் கழிந்தாலும் நிகரச் செலவு ஏழு சதவீதத்துக்கு மேல் நிற்கும். அதே பணம் டெபாசிட்டில் ஏழு சதவீதம் ஈட்டினால், உங்கள் வரிப் படிநிலையில் வரி போகக் கையில் நிற்பது ஐந்துக்கும் கீழே. உங்களைத் தேடி வந்த அதிகாரி இந்த யோசனையை ஏன் சொல்லவில்லை என்று எண்ணிப் பாருங்கள். கடனை அடைத்தால் யாருக்கும் கமிஷன் கிடைக்காது. அவர் மீது எனக்குக் கோபமில்லை. விற்பதற்காகத்தான் அவரை வங்கி அனுப்பியிருக்கிறது.

அவர் சொன்ன திட்டங்களுக்கு வருகிறேன். ஏ.ஐ.எஃப்.பில் குறைந்தபட்சம் ஒரு கோடி, பி.எம்.எஸ்.ஸில் குறைந்தபட்சம் 50 லட்சம் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வரம்பு வைத்திருக்கிறது. 'உங்களைப் போன்ற பெரியவர்களுக்கு மட்டும்' என்று அதைக் கௌரவம்போலச் சொல்வார்கள். நஷ்டத்தைத் தாங்கக்கூடியவர்கள் மட்டுமே உள்ளே வர வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்ட வேலி அது. ஏ.ஐ.எஃப்.களில் பல, பணத்தை ஆண்டுக்கணக்கில் பூட்டிவிடும். உங்கள் சொத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே நிலமாகவும் கட்டடமாகவும் பூட்டித்தான் கிடக்கிறது. இன்னொரு பூட்டு உங்களுக்கு எதற்கு?

அந்த முதிர்வுத் தேதியில்லாத பாண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதிக்கப்பட்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். வங்கிகள் வெளியிடும் ஏ.டி.1 வகைப் பாண்டுகள் இவை. டெபாசிட்டைவிட வட்டி அதிகம், வெளியிடுவது வங்கி, எனவே டெபாசிட் மாதிரிதான் என்ற எண்ணம் வந்துவிடும். 2020 மார்ச் 5 அன்று யெஸ் வங்கியின் செயல்பாட்டுக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. சில நாட்களில் வங்கி மீட்கப்பட்டது, டெபாசிட் போட்டவர்களின் பணம் தப்பியது. ஆனால் 8,415 கோடி ரூபாய் ஏ.டி.1 பாண்டுகள் ஒரேயடியாகப் பூஜ்யம் என்று எழுதப்பட்டன. பங்கு வைத்திருந்தவர்களிடம் ஏதோ கொஞ்சம் மிஞ்சியது, பாண்டு வைத்திருந்தவர்களிடம் எதுவும் மிஞ்சவில்லை. சாதாரண டெபாசிட்தாரர்களுக்கு இவை 'சூப்பர் எஃப்.டி.' என்று சொல்லி விற்கப்பட்டதை செபி பின்னர் விசாரித்து, அபராதம் விதித்தது. 2020 அக்டோபரில் இத்தகைய பாண்டுகளைக் குறைந்தது ஒரு கோடி ரூபாய்க்குத்தான் வாங்க முடியும் என்று விதியும் கொண்டுவந்தது. உங்களிடம் சரியாக ஒரு கோடி கேட்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கவைத்தது 'கட்டணமே இல்லாத ஒப்பந்தம்' என்ற உங்கள் வரி.

2007-இல் நான் ஒரு வங்கியின் கோவை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அந்த ஆண்டின் தொடக்கத்தில் 44 ரூபாயாக இருந்த டாலர், ஆண்டு முடிவதற்குள் 40-க்கும் கீழே வந்துவிட்டது. ஏற்றுமதியாளர்கள் பதறிப்போயிருந்தார்கள். அவர்களுக்கு டாலர்-ஸ்விஸ் பிராங்க், டாலர்-யென் என்று சிக்கலான ஆப்ஷன் ஒப்பந்தங்கள் விற்கப்பட்டன. முன்பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்பதுதான் விற்பனை வாசகம். ஒரு நாள் மதியம், உங்கள் வயதுக்காரர் ஒருவர் கண்ணாடி அறையில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து, "சுவிட்சர்லாந்துக்கு நான் ஒரு பனியன்கூட அனுப்பியதில்லையே, அந்த நாட்டுப் பணம் நமக்கு எதற்குங்க?" என்று கேட்டார். என் மேலதிகாரி ஒரு வரைபடத்தைக் காட்டினார். டாலர் ஒப்பந்தத்தில் குறித்த அளவுக்குக் கீழே விழுந்தால்தான் நீங்கள் பணம் கட்ட வேண்டும், அந்த அளவுக்கு அது விழுந்ததே இல்லை என்றார். நான் கோப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் கேட்டது சரியான கேள்வி என்று எனக்குத் தெரியும். நான் பேசவில்லை. அவர் பேனாவை மீண்டும் திறந்தார்.

2008 மார்ச்சில் ஒரு டாலரின் விலை ஒரு ஸ்விஸ் பிராங்குக்கும் கீழே போனது. கோவை, திருப்பூர்ப் பகுதி நிறுவனங்கள் கோடிக்கணக்கில் கட்ட வேண்டிய நிலைக்கு வந்தன. சென்னை உயர் நீதிமன்றம்வரை வழக்குகள் போயின. 2011 ஏப்ரலில், டெரிவேட்டிவ் எனப்படும் இத்தகைய ஒப்பந்தங்களுக்கான விதிகளை மீறியதாக 19 வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அபராதம் விதித்தது. அதற்குள் அந்தப் பெரியவர் ஒரு யூனிட்டை விற்றிருந்தார். சம்பளத்துக்கு விற்பதை விட்டுவிட்டுக் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்லும் பக்கம் நான் வந்ததற்கு அந்த மதியம்தான் காரணம்.

டாலர் விழுமே என்ற கவலை நியாயமானது. அதற்குச் சாதாரண ஃபார்வர்டு ஒப்பந்தம் போதும். மூன்று மாதம் கழித்து வரப்போகும் பில் தொகையில் ஒரு பகுதிக்கு இன்றே விலை பேசி வைத்துக்கொள்வது, அவ்வளவுதான். வரப்போகும் டாலருக்கு மேல் ஒரு டாலருக்குக்கூட ஒப்பந்தம் போடாதீர்கள். உங்கள் இன்வாய்ஸில் இல்லாத எந்த நாட்டுப் பணமும் ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது. முன்பணம் இல்லை என்றால், அதன் விலை ஒப்பந்தத்தின் வேறு ஏதோ ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இனி மீதிப் பணம். கடனை அடைத்தபின் ஒன்றரைக் கோடி இருக்கும். டெபாசிட்டில் இருக்கும் 1 கோடியே 80 லட்சம் லிமிட்டுக்கு ஈடாகக் காட்டப்படவில்லை என்றால், முதிர்வு வர வர அதைக் கடன் கொடுத்த வங்கியிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். வீட்டுச் செலவு மாதம் இரண்டரை லட்சம் என்று எடுத்துக்கொண்டால் ஐந்து ஆண்டுகளுக்கு ஒன்றரைக் கோடி. கம்பெனியிலிருந்து ஒரு ரூபாய் வராவிட்டாலும் ஐந்து ஆண்டு அடுப்பு எரியும் என்ற நிலை முதலில் வேண்டும். இந்தப் பணம் அதிகம் சம்பாதிக்க வேண்டியதில்லை. கடன் உறவு இல்லாத இரண்டு பெரிய வங்கிகளில் கொஞ்சம், அரசின் டிரஷரி பில்களிலும் குறுகிய காலப் பத்திரங்களிலும் பெரும்பகுதி என்று வையுங்கள். டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய்வரைதான். அரசுப் பத்திரங்களை 2021 நவம்பரிலிருந்து ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் தளத்திலேயே நீங்கள் நேரடியாக வாங்கலாம், இடையில் யாரும் வேண்டாம்.

மிஞ்சும் 1 கோடியே 80 லட்சமும் பழைய 1 கோடியே 20 லட்சமும் சேர்ந்து மூன்று கோடி. இதில் பாதி பங்குகளில், சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டுகளில் இருக்கட்டும். ஒரே நாளில் போட வேண்டாம், ஒன்றரை ஆண்டுக்குப் பரப்புங்கள். மறுபாதி தரமான கடன் பத்திரங்களில். உங்கள் வசதிக்கு இன்னும் கூடுதலாகப் பங்குகளில் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் நடத்தும் கம்பெனியே ஒரு பெரிய பங்குதான் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

2020 மார்ச்சில் விற்றதை நீங்கள் வெட்கத்தோடு எழுதியிருப்பதாக எனக்குத் தோன்றியது. வெட்கப்படாதீர்கள். ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் மார்ச் 23 அன்று 26,000-க்குக் கீழே முடிந்தது. அந்த நாட்களில் உங்கள் கம்பெனியும் மூடிக்கிடந்திருக்கும், பையர் ஆர்டரை நிறுத்தியிருப்பார், தொழிலாளர்கள் ஊர் திரும்ப வழி தேடியிருப்பார்கள். வீட்டுச் செலவுக்கென்று ஒதுக்கிய பணம் தனியாக இல்லாதபோது யாராக இருந்தாலும் விற்கத்தான் செய்வார்கள். நவம்பரில் சந்தை பழைய உச்சத்தைத் தாண்டியது. 'எவ்வளவு ரிஸ்க் எடுப்பீர்கள்' என்று கேள்வித்தாளைக் கொடுத்துக் கட்டங்களை நிரப்பச் சொல்லும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. விதிப்படி நானும் கொடுக்கிறேன். ஆனால் ஒருவரைப் பற்றி அதைவிட அதிகமாக எனக்குச் சொல்வது, அந்த மார்ச்சில் அவர் என்ன செய்தார் என்பதும், அப்போது வீட்டில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருந்தது என்பதும்தான்.

குடும்பத்துக்கென்று ஒதுக்குவதைத் தொழில் கடனிலிருந்து சட்டப்படி பிரித்து வைக்க வழிகள் உண்டு. 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் உங்கள் பெயரில் டேர்ம் காப்பீடு எடுத்தால், அந்தத் தொகை மனைவிக்கும் பிள்ளைகளுக்குமான அறக்கட்டளைபோல நிற்கும். உங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் அதைத் தொட முடியாது. பாலிசி எடுக்கும்போதே அதற்கான படிவத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும், பின்னால் சேர்க்க முடியாது. உங்கள் மகனும் இதே வகையில் ஒன்று எடுக்கட்டும். திரும்பப் பெற முடியாத தனியார் குடும்ப அறக்கட்டளை அமைப்பது அடுத்த வழி. அதற்கு அனுபவமுள்ள வழக்கறிஞர் வேண்டும். இரண்டையும் கடன் தவணைகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் இந்த நல்ல காலத்திலேயே செய்ய வேண்டும். கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு செய்த சொத்து மாற்றத்தை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி நீதிமன்றம் ரத்து செய்யலாம். கம்பெனி தள்ளாடத் தொடங்கியபின் இதற்காக என்னிடம் வருபவர்களுக்கு நான் உதவுவதில்லை. அப்போது அது ஏமாற்று ஆகிவிடுகிறது.

மகள் விஷயத்தில் உடனே ஒன்று செய்யுங்கள். அந்த 40 லட்சம் ஃபண்டில் அவரைக் கூட்டுக் கணக்குதாரராக வைத்தது அன்பினால். ஆனால் அமெரிக்க வரிச் சட்டம் வெளிநாட்டு மியூச்சுவல் ஃபண்டுகளைத் தனி வகையாக வைத்துக் கடுமையாக வரி போடுகிறது, ஆண்டுதோறும் சிக்கலான படிவமும் கேட்கிறது. வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதையும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அபராதம் பெரியது. அவரது அங்குள்ள வரி ஆலோசகரிடம் பேசச் சொல்லுங்கள். பிறகு கணக்கிலிருந்து பெயரை எப்படி எடுப்பது என்று பார்ப்போம். அவருக்குரியதை உயிலில் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மகனே நாமினி என்று விட்டிருந்தால், நாமினி உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. பங்குகளுக்கும் இதுதான் நிலை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அண்ணன் தங்கைக்குள் பிணக்கு வராமலிருக்க, இரண்டு சாட்சிகளோடு ஒரு தெளிவான உயில் வேண்டும்.

தொழிலுக்குள் இருக்கும் அபாயங்களை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். என்னைவிட உங்களுக்குத் தெரியும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்தபோது ஒரே பையரை நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை நீங்கள் உள்ளிருந்து பார்த்திருப்பீர்கள். பையர் பணம் தராமல் போனால் ஈடுகட்ட இ.சி.ஜி.சி. காப்பீடு இருக்கிறதா, வரம்பு போதுமா என்று பாருங்கள். தீ விபத்துக் காப்பீட்டின் தொகையை எந்த ஆண்டு போட்டீர்கள்? 10 கோடி பெறும் கட்டடத்தையும் இயந்திரத்தையும் 6 கோடிக்குக் காப்பீடு செய்து, ஒரு கோடிக்கு மட்டும் சேதம் வந்தால், கையில் கிடைப்பது 60 லட்சமாகக் குறைந்துவிடலாம். காப்பீட்டுத்தொகை குறைவாக இருந்த விகிதத்தில் இழப்பீட்டையும் குறைப்பார்கள். பிரீமியத்தில் சில ஆயிரங்களை மிச்சம் பிடிக்கும் இடம் அது இல்லை.

மைத்துனரிடம் உள்ள 50 லட்சத்தைச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெறுங்கள். அவர் நாணயமானவராகவே இருக்கட்டும். ஆண்டுக்குப் பதினெட்டு சதவீதம் வட்டி தருகிறார் என்றால், அதைவிடக் கூடுதல் வட்டிக்குப் பணம் வாங்க யார் வருகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பேத்தி பெயரில் இடம் வாங்கப்போவதாகச் சொல்லிக் கேட்டால் உறவிலும் கீறல் விழாது.

கடைசியாக, ஆலோசகரை எப்படி அறிவது? செபியில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகரின் பதிவெண் 'ஐ.என்.ஏ.' என்று தொடங்கும். செபி இணையதளத்தில் சரிபார்க்கலாம். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கு 'ஏ.ஆர்.என்.' எண் இருக்கும். அவருக்கு ஊதியம் ஃபண்ட் நிறுவனத்திலிருந்து வருகிறது. இரண்டும் சட்டப்படியான தொழில்கள்தாம், ஆனால் உங்கள் பக்கம் உட்கார வேண்டியவர் உங்களிடம் மட்டும் கட்டணம் வாங்குபவராக இருக்க வேண்டும். கட்டணத்துக்கு செபி உச்சவரம்பும் வைத்திருக்கிறது. அவர் உங்கள் பணத்தைத் தன் கணக்கில் வாங்கக் கூடாது. முதலீடு எல்லாம் உங்கள் கணக்கிலிருந்து நேராகப் போக வேண்டும். 'இதில் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?' என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரத் தாமதமானாலே யோசிக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை வங்கிக்குப் போய் ஜாமீன் பத்திரத்தின் நகலையும் கடன் அனுமதிக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். துணைவியாரையும் கூட அழைத்துப் போங்கள். அவர் எங்கெங்கே, எத்தனை தொகைக்குக் கையெழுத்திட்டிருக்கிறார் என்பதை அவரே படித்துப் பார்க்கட்டும். அந்த இரண்டு தாள்களும் கைக்கு வந்தபின் எனக்கு மறுபடி எழுதுங்கள். வங்கி அதிகாரி அதுவரை எத்தனை முறை அழைத்தாலும், மூன்றரைக் கோடி சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். ஆனால் கடன் வாங்கிய வங்கியின் கணக்கில் வேண்டாம்.